முதல்ல கழட்டு, கடைசியா மாட்டு: தாத்தாவோட பத்மினியைச் சரிபண்ணின கதை

(எபிசோடின் ஒலிப்பதிவை வாசிப்பதற்காகத் தொகுத்திருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாசனையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. பாட்டியைப் பின் சீட்டுல உட்கார வச்சு, எங்க வீட்டு பிரீமியர் பத்மினியில கோயிலுக்குக் கிளம்பினேன். தாத்தா 1986-ல வாங்கின வண்டி. அவர் போனதுக்கப்புறம் ஆறு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில கிடந்தது. நான்தான் பேட்டரி மாத்தி, பிளக் மாத்தி, டயர் போட்டு ஓட வச்சேன். பெருமைன்னா பெருமை, அப்படி ஒரு பெருமை.

குரோம்பேட்டை தாண்டல. பின்னாடியிருந்து பாட்டி கேட்டாங்க: "ஏண்டி, பெட்ரோல் பங்க்குல நிக்கற மாதிரி வாசனை வருதே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய வண்டி பாட்டி, அப்படித்தான் இருக்கும்."

இந்த ஒரு வாக்கியம்தான் இன்னைக்கு நம்ம எபிசோடோட வில்லன். பழைய வண்டின்னா சத்தம் இருக்கும், ஸ்டியரிங் கனமா இருக்கும், ஏசி இருக்காது. ஆனா உள்ளே பெட்ரோல் வாசனை வரக்கூடாது. அது பழமையோட அடையாளம் கிடையாது. எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். அன்னைக்குக் கோயில் வாசல்ல குனிஞ்சு பார்த்தேன். தரைக்கு அடியில போற குழாய்ல ஒரு இடம் ஈரமா மினுமினுன்னு இருந்தது. அதுக்கு ஒரு சாண் தள்ளி, தரைத் தகட்டுல கட்டைவிரல் போற அளவுக்குத் துருப்பிடிச்ச ஓட்டை. வாசனை உள்ளே வந்த வழி அதுதான்.

ஆக எனக்கு ரெண்டு வேலை: பெட்ரோல் லைன், பாடி. ரெண்டும் தனித்தனி வேலைன்னு நினைச்சேன். அந்த நினைப்பால என்ன ஆச்சுன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி வண்டியைப் பத்திக் கொஞ்சம்.

இது என்ன வண்டி?

பத்மினி பிறப்பால இத்தாலிக்காரி. ஃபியட் 1100 காரை மும்பை குர்லாவுல பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரிச்சாங்க. எழுபதுகள்லதான் அதுக்கு 'பிரீமியர் பத்மினி'ன்னு பேர் வந்தது. 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், ஸ்டியரிங் தண்டுலயே கியர், பின் சக்கரத்துக்குத்தான் இழுவை. மும்பையோட கறுப்பு மஞ்சள் டாக்ஸின்னு சினிமாவுல பார்த்திருப்பீங்களே, அதுதான். அந்த டாக்ஸிகளும் 2023 அக்டோபர் கடைசியோட ரோட்டை விட்டுப் போயாச்சு.

இங்க ரெண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒண்ணு, இதோட பெட்ரோல் பம்ப் எலக்ட்ரிக் கிடையாது. எஞ்சின் சுத்தறப்போ ஒரு நெம்புகோல் தள்ளி, உள்ளே இருக்கற டயாஃப்ரம்ங்கற சவ்வு மேலயும் கீழயும் போய்ப் பெட்ரோலை இழுக்கும். ரெண்டாவது, அம்பாசடர் மாதிரியே இதுக்கும் தனியா சேஸிஸ் கிடையாது. பாடியேதான் எலும்புக்கூடு. லாரியில பாடி துருப்பிடிச்சா சேஸிஸ் தாங்கும். இதுல தரையும் கதவுக்குக் கீழே இருக்கற பெட்டிப் பகுதியும் துருப்பிடிச்சா, வண்டியோட எலும்பே அரிக்குதுன்னு அர்த்தம்.

பெட்ரோல் போற பாதை

பின்னாடி டேங்க். அதிலிருந்து மெல்லிசான உலோகக் குழாய் வண்டியோட வயித்துக்கு அடியில நீளமா ஓடி முன்னாடி வருது. எங்கெல்லாம் அசைவு இருக்கோ அங்கெல்லாம் ரப்பர் ஹோஸ். அப்புறம் ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர்.

இதுல ஒரு நுணுக்கம் கவனிங்க. பம்ப் முன்னாடி எஞ்சின் பக்கத்துல இருக்கு. அதனால டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல இருக்கற குழாயில பெட்ரோல் தள்ளப்படறதில்லை, உறிஞ்சப்படுது. ஸ்ட்ரா வச்சு ஜூஸ் குடிக்கற மாதிரி. ஸ்ட்ராவுல சின்ன ஓட்டை இருந்தா என்ன ஆகும்? ஜூஸ் வெளியே வராது, காத்துதான் உள்ளே போகும். அதனால பின்பக்க லைன்ல ஓட்டை விழுந்தா, வண்டி ஓடறப்போ சொட்டாம, இழுவை இல்லாம திணறும். நிறுத்தி வச்சப்போ டேங்க்ல பெட்ரோல் மட்டம் உயரமா இருந்தா மெதுவா கசியும். "ஓடறப்போ ஒண்ணுமில்லையே"ன்னு நாம ஏமாந்துடுவோம்.

பம்புக்கு அப்புறம் கார்புரேட்டர் வரைக்கும் கதை வேற. அங்க அழுத்தம் இருக்கு. பெரிய அழுத்தம் இல்லைதான், ஆனா கசிஞ்சா அது சூடான எஞ்சின் மேல விழும். நீளம் கம்மி, ஆபத்து அதிகம்.

இன்னொரு கள்ளன் இருக்கான். பம்புக்குள்ள அந்தச் சவ்வு கிழிஞ்சா பெட்ரோல் எஞ்சின் ஆயிலோட போய்க் கலந்துடலாம். வெளியே ஒரு சொட்டு தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்க. பெட்ரோல் வாசனை வந்தா, ஆயில் மட்டம் ஏறியிருந்தா, வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணியாப் போன ஆயில்ல ஓட்டினா பேரிங் தேஞ்சு எஞ்சினே போயிடும்.

முப்பது வருஷம் தாங்கின ஹோஸ் இப்போ ஏன் போகுது?

இந்தக் கேள்வியை நான் மெக்கானிக் அண்ணன்கிட்டக் கேட்டேன். அவர் பழைய ஹோஸை ரெண்டா மடிச்சுக் காட்டினார். வெளியே நல்லாத்தான் இருந்தது, உள்சுவர் மட்டும் ஊறிப்போன அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்தது.

காரணத்துல ஒரு பங்கு வயசு. இன்னொரு பங்கு எத்தனால். நம்ம ஊர் பெட்ரோல்ல எத்தனால் கலப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறி, 2023-ல 20 சதவீதம் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இப்போ பெரும்பாலான பங்க்குல அதுதான். எத்தனால் பழைய வண்டிக்கு மூணு விஷயம் பண்ணும்.

முதல்ல, அந்தக் காலத்து ரப்பரை ஊற வச்சு இளக்கும். ரெண்டாவது, காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். வண்டி மாசக்கணக்கா நின்னா, தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோல்லேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும், டேங்க்கை உள்ளேர்ந்து அரிக்கும். மூணாவது, டேங்க் சுவத்துல வருஷக்கணக்கா ஒட்டியிருந்த கசடைக் கரைச்சு கிளப்பிவிடும், அது வந்து ஃபில்டரை அடைக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் முழுசா எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காத்து வேணும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். புது வண்டியில கம்ப்யூட்டர் இதைச் சரிபண்ணிக்கும். கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. பழைய அளவிலேயே காத்தை விடும், அதனால கலவை மெலிஞ்சுபோகும். வண்டி சூடாகும், இழுவை குறையும். தேவைப்பட்டா ஜெட்டை ஒரு அளவு பெரிசா மாத்தச் சொல்லி மெக்கானிக்கிட்டக் கேளுங்க.

நான் பண்ணின தப்பு

சரி, மேட்டருக்கு வருவோம். வாசனை வந்த மறுநாளே ரோட்டோர கடை ஒண்ணுல ஹோஸ் மாத்தினேன். அரை மணி நேர வேலை. எந்த ஹோஸ், என்ன தரம், ஒண்ணும் கேட்கலை. "சரியாயிடுச்சு"ன்னு நினைச்சு, அடுத்த வாரம் தரை ஓட்டையை அடைக்க டிங்கரிங் பட்டறையில விட்டேன்.

டிங்கர் அண்ணன் உள்ளே கார்ப்பெட்டைச் சுருட்டிட்டு, மேலேர்ந்து தரையில வெல்டிங் வைக்க ஆரம்பிச்சார். அந்தத் தகட்டுக்கு நேர் கீழே என்னோட புது ஹோஸ். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டிய நான் சொல்லலை. டேங்க்கை காலி பண்ணணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை.

ரெண்டாவது நிமிஷத்துல வண்டிக்கு அடியிலேர்ந்து மஞ்சளா ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. உதவிக்கு இருந்த பையன் யோசிக்கவே இல்லை, வாளி மணலை அப்படியே கொட்டினான். பத்து செகண்ட் இருக்கும். அணைஞ்சுது. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதுக்கப்புறம் பட்டறையில யாரும் ரொம்ப நேரம் பேசலை. எனக்குக் கை நடுக்கம் நிக்கவே இல்லை.

என் தலையில ஓடினதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். போன வாரம் அதே இடத்துக்கு மேல பாட்டி உட்கார்ந்திருந்தாங்க.

பெட்ரோலைப் பத்தி நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது இது. எரியறது திரவம் இல்லை, ஆவி. அந்த ஆவி காத்தைவிடக் கனமானது. மேலே பறந்துபோகாது. தரையோட தவழ்ந்து பள்ளத்துல தேங்கும். பட்டறையில ஒரு மூலையில சொட்டினா இன்னொரு மூலையில இருக்கற தீப்பொறியைத் தேடிப் போகும். அதனாலதான் நிறைஞ்ச டேங்க்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. நிறைஞ்சதுல ஆவிக்கும் காத்துக்கும் இடம் கம்மி. காலியானதுல ரெண்டும் கலந்து வெடிமருந்து மாதிரி நிக்கும். "டேங்க் காலிதானே, ஒரு வெல்டிங் வச்சிடலாம்"னு யாராவது சொன்னா, சாவியை வாங்கிக்கிட்டுக் கிளம்பிடுங்க.

அப்புறம் வேற ஒரு பெரிய மெக்கானிக்கிட்டப் போனேன். அறுபது வயசுக்கு மேல இருக்கும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு அவர் திட்டலை. நாலு விரலை மடக்கிக் காட்டினார். "முதல்ல கழட்டணும். அப்புறம் வெட்டணும். அப்புறம் பூசணும். கடைசியா மாட்டணும். நீ கடைசியை முதல்ல பண்ணிட்டம்மா."

இனி நான் சொல்லப்போறது அந்த நாலு விரல்தான்.

ஒண்ணு: கழட்டறது

பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைப் பிரிச்சுட்டுத்தான் எதையும் தொடணும். வண்டி வெட்ட வெளியில நிக்கணும், கராஜுக்குள்ள இல்லை. மூடியுள்ள உலோக கேன்ல பெட்ரோலை இறக்கணும், வாட்டர் பாட்டில்ல இல்லை. பக்கத்துல பீடி, பூஜை விளக்கு, கிரைண்டர் எதுவும் கூடாது. அப்புறம் டேங்க்கை முழுசா வெளியே எடுத்துடணும், பழைய லைனையும் கழட்டிடணும். கழட்டறதுக்கு முன்னாடி எந்தக் குழாய் எந்த வழியா போகுது, எந்தக் கிளிப் எங்க இருக்குன்னு போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க. மூணு மாசம் கழிச்சு மாட்டறப்போ அந்தப் படம்தான் சாமி.

எடுத்த டேங்க்கை என்ன பண்றது? பழைய டேங்க்ல அனுபவம் உள்ள ரேடியேட்டர் பட்டறைக்கு அனுப்பலாம். உள்ளே கழுவி, ஆவியெல்லாம் வெளியேத்தி, ஊசி ஓட்டை இருந்தா அடைச்சுக் கொடுப்பாங்க. இது நாம வீட்டுல யூடியூப் பார்த்துப் பண்ற வேலையே கிடையாது. அடிப்பக்கம் சல்லடையா இருந்தா அடைக்கறதைவிட டேங்க்கை மாத்தறதுதான் நல்லது.

ரெண்டு: வெட்டறது

இப்போ பாடி. பழைய கார்ல துரு வெளியேர்ந்து உள்ளே போறதைவிட, உள்ளேர்ந்து வெளியே வர்றதுதான் அதிகம். மழைத்தண்ணி, கடல் காத்தோட உப்பு, சேறு எல்லாம் பெட்டி மாதிரி மூடின பகுதிக்குள்ள போகும். கீழே வடிகால் ஓட்டை இருக்கும். அது அடைச்சுக்கிட்டா தண்ணி அங்கேயே குடியிருக்கும். பெயின்ட்ல சின்னக் கொப்புளம் தெரியறப்போ, உள்ளே தகடு பாதி போயிருக்கும். கதவுக்கு அடிப்பக்கம், சக்கர வளைவு, டிக்கி தரை, முன் கண்ணாடிக்குக் கீழே, ஜாக்கி போடற இடம், இதெல்லாம் கட்டாயம் பார்க்கணும்.

பார்க்கறது எப்படி? ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தத்தை மெல்லிசான துணியில சுத்தி பாடி மேல ஓட்டுங்க. இரும்பு இருக்கற இடத்துல பிடிக்கும், பட்டி தடிமனா பூசின இடத்துல வழுக்கும். எங்க வண்டியில வலது பின்சக்கர வளைவு மேல காந்தம் நிக்கவே இல்லை. தாத்தா காலத்துலயே யாரோ இரும்புக்குப் பதிலா பட்டியாலயே ஒரு வளைவு செஞ்சிருக்காங்க!

நல்ல வேலைக்கும் ஒப்பேத்தற வேலைக்கும் வித்தியாசம் இங்கதான். ஒப்பேத்தறவர் துருப்பிடிச்ச தகட்டு மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடிச்சுடுவார். ஒரு வருஷம் பளபளப்பா இருக்கும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஈரம் சிக்கி, முன்னைவிட வேகமா அரிக்கும். நல்ல டிங்கர் நல்ல இரும்பு வர்ற வரைக்கும் துருவை வெட்டி எடுப்பார். அதே அளவுத் தகட்டை வளைச்சுப் பொருத்தி வெல்டிங் வைப்பார். பொதுவா 20 கேஜ் ஷீட், அதாவது கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் தடிமன்.

அந்த வெல்டிங்கையும் ஒரே இழுப்பா இழுக்கக் கூடாது. மெல்லிசான தகடு சூட்டுல அப்பளம் மாதிரி நெளியும். இங்க ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறவிட்டு நடுவுல ஒரு புள்ளின்னு வச்சு வச்சுத்தான் சேர்க்கணும். சிஓ2 வெல்டிங்னு பட்டறையில சொல்றது இதுக்கு வசதி. பழைய கேஸ் வெல்டிங்ல சூடு அதிகமாப் பரவும். ஆனா கை தேர்ந்தவர் அதிலேயும் அழகாப் பண்ணுவார்.

இப்போ ரொம்ப முக்கியமான ஒண்ணு. பாடியேதான் எலும்புன்னு சொன்னேன் இல்லையா? கதவுக்குக் கீழே இருக்கற பெட்டியை வெட்டறப்போ, வண்டியை நடுவுல மட்டும் ஜாக்கி போட்டு நிறுத்தியிருந்தா பாடி வளைஞ்சுடும். அந்த வளைவோடயே புதுத் தகட்டை ஒட்டிட்டா அப்படியே நிரந்தரமாயிடும். அப்புறம் கதவு சாத்தாது, கண்ணாடி விரிசல் விடும். அதனால வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டையைத் தற்காலிகமா வச்சுப் பிடிக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வெட்டக் கூடாது. வெல்டிங் முடிஞ்சதும் நாலு கதவையும் திறந்து சாத்திப் பாருங்க. இடுக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவா இருக்கணும். இதுக்கு எந்த மெஷினும் வேண்டாம், நம்ம கண்ணு போதும்.

மூணு: பூசறது

பட்டி கெட்டது இல்லை. மூணு மில்லிமீட்டருக்குள்ள ஒரு நெளிவைச் சமப்படுத்தத்தான் அது இருக்கு. ஓட்டையை அடைக்க இல்லை. சாதாரண பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதனால வெறும் இரும்பு மேல முதல்ல எப்பாக்ஸி ப்ரைமர், அதுக்கு மேல பட்டி, தேய்ச்சு மறுபடி ப்ரைமர், அப்புறம்தான் கலர்னு போறது பாதுகாப்பு. தகடுகள் சேர்ற இடத்துல சீலர் வைக்கணும். மூடின பெட்டிக்குள்ள மெழுகு மாதிரி துருத்தடுப்பை ஸ்பிரே பண்ணணும். அந்த உற்சாகத்துல வடிகால் ஓட்டையையும் சேர்த்து அடைச்சுடாதீங்க. அடைச்சா இவ்வளவு செலவும் வீண்.

கலர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. உங்க ஆர்.சி.யில வண்டியோட நிறம் பதிவாகியிருக்கும். வெள்ளை வண்டியைப் பச்சையாக்கணும்னு ஆசைன்னா ஆர்.டி.ஓ. அலுவலகத்துல சொல்லி ஆர்.சி.யில மாத்தணும். அதைவிட முக்கியம் சேஸிஸ் எண். தகட்டுல அடிச்சிருக்கற அந்த எண்ணை வெட்டவும் கூடாது, பட்டி பூசி மறைக்கவும் கூடாது. எஃப்.சி.க்குப் போறப்போ அந்த எண் தெரியலைன்னா உங்க வண்டியை உங்க வண்டின்னு நிரூபிக்கறதே பெரும்பாடு.

முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின வண்டின்னா, 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி விண்டேஜ் வண்டியாப் பதிவு பண்ணலாம். நம்பர்ல 'விஏ'ன்னு வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். அதனால அந்த எண்ணம் இருந்தா, டிங்கர் கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. எங்க வண்டிக்கு இன்னும் வயசு வரலை. சாதாரண ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எஃப்.சி. காட்டிப் புதுப்பிச்சுக்கிட்டு வர்றோம்.

நாலு: மாட்டறது

பெயின்ட் காய்ஞ்சு, வெல்டிங் வேலை இனி ஒண்ணுகூட இல்லைன்னு உறுதியானதுக்கு அப்புறம்தான் பெட்ரோல் லைன். உலோகக் குழாய்க்கு செம்பும் நிக்கலும் கலந்த குழாய் நல்லது. துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். சுத்தச் செம்பு அதிர்வுல இறுகி விரிசல் விடும், அதனால வேண்டாம். குழாய் முனையில சின்னதா ஒரு வரம்பு எழுப்பியிருக்கணும், அப்பத்தான் ஹோஸ் நழுவாது. தகட்டுல ஓட்டை வழியா போற இடத்துல ரப்பர் வளையம் கட்டாயம். இல்லைன்னா தகட்டோட விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். சைலன்சர் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகுதோ அவ்வளவு நல்லது. பெட்ரோல் குழாய்லயே சூடாகிக் குமிழ் விட்டா, சித்திரை வெயில் டிராஃபிக்ல வண்டி நின்னே போயிடும். வேப்பர் லாக்னு சொல்றது இதைத்தான்.

ஹோஸ் வாங்கறப்போ மேலே அச்சடிச்சிருக்கறதைப் படிங்க. ஒண்ணுமே அச்சடிக்கலைன்னா வாங்காதீங்க. 'எஸ்ஏஈ ஜே30 ஆர்9'னு இருந்தா நல்லது. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான ஹோஸ் அது. உள்சுவர் எத்தனாலைத் தாங்கும். நம்ம கார்புரேட்டர் வண்டிக்கு அவ்வளவு அழுத்தம் தாங்கணும்னு அவசியம் இல்லை. ஆனா அந்த உள்சுவர் நமக்கு வேணும். மீட்டருக்குக் கூடுதலா கொஞ்சம் காசு, அவ்வளவுதான். முழுக்க ரப்பராவே போடாதீங்க. அசையற இடத்துல மட்டும் சின்னச் சின்னத் துண்டு போதும்.

கிளிப்பும் பாருங்க. பட்டையில வரிசையா ஓட்டை வெட்டின கிளிப், இறுக்க இறுக்க ஹோஸை அறுக்கும். விளிம்பு மடிச்சு வழுவழுன்னு இருக்கற பெட்ரோல் கிளிப்னு கேட்டு வாங்குங்க.

எல்லாம் மாட்டினதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. காயில் ஒயரைப் பிரிச்சுட்டு செல்ஃப் மட்டும் அடிச்சா, எஞ்சின் எரியாம பம்ப் மட்டும் பெட்ரோலை ஏத்தும். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால துடைச்சுப் பாருங்க. காய்ஞ்சு இருந்தா ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் விடுங்க, மறுபடி துடைங்க. ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி. ராத்திரி நிறுத்தி, காலையில தரையைப் பாருங்க. புது ஹோஸ் சூடாகி ஆறினதும் கொஞ்சம் தளரும், கிளிப்பை ஒரு சுத்து இறுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் முன் சீட்டுக்குக் கீழே ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒண்ணு. பானெட்டுக்கு அடியில தீன்னா பானெட்டை அகலத் திறக்காதீங்க, காத்து உள்ளே போய்க் கொழுந்துவிடும். கொஞ்சமா இடுக்கு விட்டு அதுக்குள்ள அடிங்க. ஆனா அதுக்கும் முன்னாடி ஆளுங்களை இறக்குங்க. வண்டி அப்புறம்.

பட்டறையில எப்படிப் பேசறது?

இளசா ஒரு பொண்ணு பழைய காரோட போய் நின்னா, "விட்டுட்டுப் போம்மா, பார்த்துக்கறோம்"னு சொல்றவங்கதான் அதிகம். விடாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. எங்கெல்லாம் வெட்டப்போறீங்க? டேங்க்கை எப்போ கழட்டுவீங்க? பட்டி பூசறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுவீங்களா?

மூணாவது கேள்விதான் சோதனை. வெறும் இரும்பா, வெல்டிங் தெரியற நிலையில வண்டியைக் காட்டறவர், தன் வேலையை நம்பறவர். காசையும் அப்படியே பிரிச்சுக் கொடுங்க: வெட்டி ஒட்டினதும் ஒரு பங்கு, ப்ரைமர் முடிஞ்சதும் ஒரு பங்கு, கதவெல்லாம் சரியாச் சாத்தினதும் மிச்சம். மொத்தமா முதல்லயே வாங்கிட்டா வண்டி மூலைக்குப் போயிடும். நாளும் கூட வச்சுக்கோங்க. மொத்தத் துரு எவ்வளவுன்னு வெட்டிப் பார்த்தாத்தான் அவருக்கே தெரியும்.

சாமானுக்கு நான் புதுப்பேட்டையில ரெண்டு சனிக்கிழமை அலைஞ்சேன். பம்ப் சவ்வு கிடைச்சது, கதவு ரப்பர் கிடைச்சது. சக்கர வளைவு கிடைக்கலை. டிங்கர் அண்ணன்தான் ஷீட்டை மரக்கட்டை மேல வச்சுத் தட்டித் தட்டி வளைச்சார். ஆமா, அதே அண்ணன்தான். தீப்பிடிச்ச அந்தப் பட்டறைக்கேதான் திரும்பப் போனேன். இந்தத் தடவை டேங்க் இல்லாம. வண்டியைப் பார்த்ததும் அவர் முதல்ல பின்பக்கம் குனிஞ்சு டேங்க் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் வெல்டிங் கண்ணாடியை மாட்டினார்.

நாலு மாசம் ஆச்சு. போன மாசம் மறுபடி பாட்டியை ஏத்திக்கிட்டு அதே கோயிலுக்குக் கிளம்பினேன். குரோம்பேட்டை தாண்டினோம். பல்லாவரமும் தாண்டினோம். பாட்டி ஒண்ணுமே சொல்லலை. எனக்குத்தான் பொறுக்கலை. "பாட்டி, ஏதாவது வாசனை வருதா?"ன்னு கேட்டேன்.

பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பி, மூச்சை நல்லா இழுத்துப் பார்த்தாங்க. "வருதே. யாரோ வடை போடறான். நிறுத்து."

நிறுத்தினோம். அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே. அதுக்குள்ள உங்க வீட்டுப் பழைய வண்டிக்கு அடியில ஒருதடவை குனிஞ்சு பார்த்துடுங்க.